மென் யோகா வகுப்புக்கு முதல்முறை போகிறீர்களா? உள்ளே நுழைவதிலிருந்து மறுநாள் காலை வரை ஒரு முழு வழிகாட்டி

யோகா மையத்தின் வகுப்பு அட்டவணையில் ‘ஜென்டில் யோகா’ அல்லது ‘மென் யோகா’ என்று பார்த்ததும், அது வயதானவர்களுக்கு என்று சிலர் தாண்டிப் போய்விடுகிறார்கள். வேறு சிலர், படுத்து எழுந்து வருவதுதானே என்று பெயரைப் பதிந்துவிட்டு, பத்தாவது நிமிடத்தில் கால் நடுங்க நிற்கிறார்கள். இந்த வகுப்பில் குறைவது வேகமும் உடம்பின் மேல் விழும் பாரமும்தான். கவனம் குறைவதில்லை, சொல்லப்போனால் கூடுகிறது. வேகமான வகுப்பில் ஒரு ஆசனத்திலிருந்து இன்னொன்றுக்குத் தாவும் வேகமே பாதி வேலையைச் செய்துவிடும். மெதுவாகச் செய்யும்போது அந்த உந்துதல் கிடைக்காது. தலைக்கு மேல் தூக்கிய கைகளை மூன்று மூச்சு நேரம் எடுத்து மெல்ல இறக்கிப் பாருங்கள், தோள்பட்டையே சொல்லிவிடும்.

வருகிறவர்களும் ஒரே மாதிரி இருப்பதில்லை. அறுவை சிகிச்சை முடிந்து தேறி வருபவர், நாள் முழுக்கக் கணினி முன் உட்கார்ந்து முதுகு இறுகிப்போனவர், ஓட்டப்பயிற்சி செய்துவிட்டு ஓய்வு நாளில் உடம்பைத் தளர்த்த வருபவர் எல்லோரும் ஒரே அறையில் இருப்பார்கள். ஆசிரியர் ஒன்றைச் சொல்ல, அதை ஆளாளுக்கு ஒரு விதமாகச் செய்வார்கள். இந்த வகுப்பின் இயல்பே அதுதான்.

முதலில், பெயரை நம்பாதீர்கள்

‘மென் யோகா’ என்ற பெயருக்குப் பொதுவான வரையறை எதுவும் இல்லை. ஒரு இடத்தில் பாதி நேரம் நாற்காலியில் உட்கார்ந்தே செய்யலாம். இன்னொரு இடத்தில் அதே பெயரில் நான்கு சுற்று சூரிய நமஸ்காரம் இருக்கும். அதனால் பணம் கட்டுவதற்கு முன் ஆசிரியரிடமோ வரவேற்பிலோ இரண்டு மூன்று கேள்விகள் கேட்டுவிடுங்கள். தரையில் உட்கார்ந்து எழச் சிரமப்படுபவர் இந்த வகுப்புக்கு வரலாமா? சூரிய நமஸ்காரம் உண்டா? முட்டி போட முடியாதவருக்கு என்ன மாற்று கொடுப்பீர்கள்? கடைசிக் கேள்விக்கு வரும் பதிலில்தான் சரக்கு இருக்கிறது. “போர்வை மடித்துப் போடலாம், இல்லையென்றால் நாற்காலியில் செய்யலாம்” என்று உடனே பதில் வந்தால் அந்த ஆசிரியருக்கு அனுபவம் இருக்கிறது. “அதெல்லாம் போகப்போகப் பழகிவிடும்” என்றால் வேறு வகுப்பு பாருங்கள்.

பக்கத்தில் இருக்கும் வேறு சில பெயர்களோடும் இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். ரெஸ்டோரேட்டிவ் யோகா என்பது அநேகமாக முழு ஓய்வு. மொத்த வகுப்பிலும் ஐந்தாறு நிலைகள்தான் இருக்கும், தலையணைகளில் சாய்ந்து ஒவ்வொன்றிலும் பத்து நிமிடம்கூடக் கிடக்கலாம். யின் யோகாவும் மெதுவானதுதான், ஆனால் மூட்டுகளைச் சுற்றியுள்ள இணைப்புத் திசுக்களை மூன்று முதல் ஐந்து நிமிடம் வரை இழுத்து வைக்கும். மெதுவாக இருக்கிறதே என்று அதை மென்மையானது என எடுத்துக்கொள்ள முடியாது. ‘பிகினர்ஸ்’ என்று போட்ட வகுப்பு புதியவர்களுக்கானது, ஆனால் அங்கே வேகம் இருக்கலாம். வின்யாசா, பவர், அஷ்டாங்கா, ஹாட் யோகா என்ற பெயர்கள் தெரிந்தால், அவை கடினமானவை என்பதால் இப்போதைக்கு அந்தப் பக்கம் வேண்டாம்.

உடம்பைப் பற்றி ஆசிரியரிடம் சொல்ல வேண்டியவை

இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். வகுப்பு மென்மையானதுதானே, எதற்குச் சொல்ல வேண்டும் என்ற நினைப்பு. சில உடல்நிலைகளுக்கு மென்மையான ஆசனம்கூட ஆகாது. மருத்துவரிடம் சிகிச்சையில் இருப்பவர் முதலில் அவரிடம் கேட்டுக்கொள்வது நல்லது. அதற்கப்புறம் ஆசிரியரிடமும் சொல்லுங்கள்.

உயர் ரத்த அழுத்தமோ கிளௌகோமா என்கிற கண் அழுத்த நோயோ இருந்தால், தலை இதயத்துக்குக் கீழே தொங்கும் நிலைகளைத் தவிர்க்க வேண்டும். தலை கீழே போகும்போது கண்ணுக்குள் அழுத்தம் கூடும். நின்றபடி முன்னால் குனிவதற்குப் பதிலாகச் சுவரிலோ நாற்காலியின் முதுகிலோ கைகளை ஊன்றி, உடம்பைத் தரைக்கு இணையாக நிறுத்தினால் போதும். எலும்புப்புரை என்கிற ஆஸ்டியோபோரோசிஸ் இருப்பவர்கள் முதுகை வளைத்துக் குனிவதையும் பலமாகத் திருகுவதையும் விட்டுவிட வேண்டும். முதுகு கூன் போல வளையும்போது பாரம் முதுகெலும்புக் கணுக்களின் முன்பகுதியில் விழுகிறது. மெலிந்த எலும்பு அங்கேதான் நசுங்கும். முதுகெலும்பில் ஜவ்வு விலகல் (டிஸ்க் பிரச்சினை) இருப்பவர்களும் குனிவதில் எச்சரிக்கையாக இருக்க வேண்டும்.

கர்ப்பிணிகள் தங்களுக்கென்று தனியாக நடக்கும் வகுப்புக்குப் போவதே நல்லது. பொது வகுப்புக்குத்தான் வருவேன் என்றால், பிற்பகுதி மாதங்களில் நெடுநேரம் மல்லாந்து படுக்கக் கூடாது. கருப்பையின் எடை பெரிய ரத்தக் குழாயை அழுத்தித் தலைசுற்றலை உண்டாக்கும். இடது பக்கம் ஒருக்களித்துப் படுத்துக்கொள்ளலாம். வயிற்றைக் குப்புற அழுத்தும் நிலைகளும், கபாலபாதி மாதிரி வேகமான மூச்சுப் பயிற்சிகளும் வேண்டாம். இடுப்பு மாற்று அறுவை சிகிச்சை செய்தவர்கள் எந்தெந்த அசைவுகள் கூடாது என்று அறுவை செய்த மருத்துவரிடம் தெரிந்துகொண்டு அதை அப்படியே ஆசிரியரிடம் சொல்ல வேண்டும். இன்சுலின் போடுபவர்கள் வெறும் வயிற்றில் வரக் கூடாது.

மாற்றி யோசிக்க வேண்டியவர்களும் இருக்கிறார்கள். மூட்டுகள் இயல்பாகவே அதிகம் வளைபவர்களுக்கு எந்த ஆசனமும் சுலபமாக வந்துவிடும், பார்க்கிறவர்களும் பாராட்டுவார்கள். ஆனால் வளைவின் கடைசி எல்லை வரை போய் நிற்பதால் அவர்களுடைய மூட்டு மேலும் தளர்கிறது. அவர்கள் பாதியிலேயே நின்று தசையை இறுக்கிப் பிடிக்கப் பழக வேண்டும்.

எல்லோர் முன்னாலும் சொல்லக் கூச்சமாக இருந்தால் பத்து நிமிடம் முன்னதாகப் போய்த் தனியாகச் சொல்லிவிடலாம். முழு மருத்துவ வரலாறு தேவையில்லை. “வலது முட்டியில் பிரச்சினை, மடக்கினால் வலிக்கும்” என்றாலே போதும்.

கிளம்பும் முன்

வயிறு நிறையச் சாப்பிட்டிருந்தால் இரண்டு மூன்று மணி நேரம் இடைவெளி விடுங்கள். லேசாக ஏதாவது சாப்பிட்டிருந்தால் ஒரு மணி நேரம் போதும். குனிந்தால் மேலே ஏறாத, இடுப்பில் இறுக்காத, கை கால் தாராளமாக அசையும் உடை எதுவானாலும் சரி. புது உடை வாங்க வேண்டிய அவசியம் இல்லை. பெரும்பாலும் வெறுங்காலோடுதான் செய்வார்கள். சாக்ஸ் வழுக்கும், ஆனால் கடைசியில் படுக்கும்போது கால் சில்லிட்டுப் போகும் என்பதால் ஒரு ஜோடி பையில் இருக்கட்டும்.

மேட் அங்கேயே கொடுப்பார்களா என்று கேட்டுவிட்டுப் போங்கள். வாங்குவதானால் ரொம்ப மெத்தென்று இருப்பதைத் தேடாதீர்கள். படுக்கச் சுகமாக இருக்கும், ஒற்றைக் காலில் நிற்கும்போது ஆட்டம் காட்டும்.

இடம் பிடிப்பதும் பக்கத்தில் குவியும் பொருட்களும்

முதல் நாள் சுவரோரமாக, நடு வரிசையில் இடம் பிடியுங்கள். முன்னால் ஒருவர் இருந்தால் பார்த்துச் செய்யலாம். பின் வரிசையில் ஒளிந்துகொண்டால், ஆசனத்தின் நடுவில் திரும்பும்போது நீங்களே முதல் வரிசையாகிவிடுவீர்கள். சுவர் பக்கத்தில் இருந்தால் தடுமாறும்போது கை வைக்க உதவும்.

ஆசிரியர் பிளாக் என்கிற கட்டை இரண்டு, பெல்ட் ஒன்று, போர்வை ஒன்று, போல்ஸ்டர் என்கிற நீளமான உருட்டுத் தலையணை ஒன்று எடுத்துக்கொள்ளச் சொல்வார். ‘எனக்கு வேண்டாம், நான் சமாளித்துக்கொள்வேன்’ என்கிற வீராப்பு இங்கே வேண்டாம். பி.கே.எஸ். ஐயங்கார் (1918–2014) போன்ற கண்டிப்பான ஆசிரியரே மரக்கட்டை, பெல்ட், கயிறு, நாற்காலி, சுவர் என எல்லாவற்றையும் வைத்துத்தான் சொல்லிக்கொடுத்தார். கை தரையைத் தொடவில்லையா, கட்டையை வைத்துத் தரையை மேலே கொண்டுவந்துவிடலாம். முதுகை வளைத்து எப்படியாவது தரையைத் தொடுவதைவிட அது சரியான ஆசனம். சம்மணமிட்டு உட்கார்ந்தால் முட்டி இடுப்பைவிட மேலே தூக்கி நிற்கிறதா? போர்வையை நான்காக மடித்து அதன் விளிம்பில் உட்காருங்கள். இடுப்பு உயர்ந்ததும் முதுகு தானாக நிமிரும். இந்த ஒரு மாற்றத்திலேயே பலருக்கு உட்காரும் வேதனை பாதியாகிவிடும்.

வகுப்பு எப்படிப் போகும்

பொதுவாக 60 முதல் 75 நிமிடம். முதல் ஐந்து பத்து நிமிடம் படுத்தோ உட்கார்ந்தோ மூச்சைக் கவனிக்கச் சொல்வார்கள். புதிதாக வருபவர்களுக்குப் பொறுமை போவது இங்கேதான். எதுவும் நடக்காதது போல இருக்கும், வீட்டு வேலை ஞாபகம் வரும். வந்துவிட்டுப் போகட்டும். மூச்சை வெளியே விடும்போது இதயத் துடிப்பு சற்றுக் குறைவதும் உள்ளே இழுக்கும்போது கூடுவதும் இயற்கை. அதனால்தான் இழுப்பதைவிட விடும் மூச்சைக் கொஞ்சம் நீட்டச் சொல்கிறார்கள். எண்ணிச் செய்யும்போது மூச்சு முட்டினால் எண்ணிக்கையை விட்டுவிட்டு இயல்பாக விடுங்கள். சில இடங்களில் ஓம் சொல்வார்கள். விருப்பம் இருந்தால் சேர்ந்துகொள்ளலாம், இல்லாவிட்டால் அமைதியாக இருக்கலாம்.

அப்புறம் மூட்டுகளைத் தளர்த்தும் அசைவுகள். கழுத்து, தோள்பட்டை, மணிக்கட்டு, கணுக்கால் என்று ஒவ்வொன்றாக வரும். பிறகு கை, முட்டி ஊன்றி நான்கு காலில் நின்று, மூச்சோடு சேர்த்து முதுகை மேலும் கீழும் வளைக்கும் மார்ஜரி ஆசனம் அநேகமாக எல்லா வகுப்பிலும் உண்டு. முட்டி வலித்தால் அடியில் போர்வை போடுங்கள். மணிக்கட்டு வலித்தால் உள்ளங்கைக்குப் பதிலாக, முழங்கையை மடக்கி முன்கைகளை ஊன்றலாம். நடுநடுவே பாலாசனத்தில், அதாவது முட்டி போட்டுக் குதிகாலில் உட்கார்ந்து முன்னால் குனிந்து, குறுகிப் படுத்து ஓய்வெடுக்கச் சொல்வார்கள். குதிகாலில் உட்கார முடியாதவர்கள் குதிகாலுக்கும் இடுப்புக்கும் நடுவில் தலையணையைச் செருகிக்கொள்ளலாம், அதுவும் ஒத்துவராவிட்டால் மல்லாந்து படுத்து முட்டிகளை மார்பருகே கட்டிக்கொள்ளலாம்.

நின்று செய்யும் பகுதி இருக்கும், ஆனால் சுருக்கமாக. நேராக நிற்கும் தாடாசனம், சுவரைப் பிடித்தபடி ஒற்றைக் காலில் நிற்கும் விருட்சாசனம், சிறிய அடி வைத்து முன்முட்டியை மடக்கி நிற்கும் வீரபத்ராசனம் போன்றவை. விருட்சாசனத்தில் பாதத்தைக் கணுக்காலுக்கு மேலேயோ, முட்டியைத் தாண்டி உள்தொடையிலோ வைக்கலாம். முட்டியின் பக்கவாட்டில் வைத்து அழுத்தக் கூடாது. குனியும்போதெல்லாம் முட்டியை லேசாக மடக்கிக்கொள்ளுங்கள். தொடையின் பின்பக்கத் தசை இறுக்கமாக இருப்பவர் முட்டியை விறைத்துக்கொண்டு குனிந்தால் அந்த இழுவை முழுவதும் இடுப்பு முதுகுக்குப் போய்விடும்.

மீண்டும் தரைக்கு வந்ததும், மல்லாந்து படுத்து முட்டியை மடக்கி இடுப்பைத் தூக்கும் சேதுபந்தாசனம், படுத்தபடி பெல்ட்டைப் பாதத்தில் மாட்டிக் காலை உயர்த்துவது, முட்டிகளை ஒரு பக்கம் சாய்த்து மெல்லத் திருகுவது, சுவரில் காலைத் தூக்கி வைப்பது எல்லாம் வரும். சேதுபந்தாசனத்தில் தொடையின் பின்பக்கம் தசைப்பிடிப்பு வருவது மிகச் சாதாரணம். இடுப்பை இறக்கி, காலை நீட்டி, விரல்களை முகத்தை நோக்கி இழுத்தால் விட்டுவிடும். குதிகாலை இடுப்புக்குக் கொஞ்சம் பக்கமாக வைத்து மறுபடி முயலலாம்.

மூக்குத் துவாரங்களில் மாறி மாறி மூச்சு விடும் நாடிசுத்தியோ, வண்டு போல ரீங்கரித்து மூச்சு விடும் பிரமரியோ கடைசியில் சொல்லிக்கொடுக்கலாம். மூச்சை உள்ளே நிறுத்திப் பிடிக்கச் சொன்னால், ரத்த அழுத்தம் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் அதைச் செய்யாமல் சாதாரணமாக மூச்சு விட்டுக்கொண்டு இருங்கள்.

எவ்வளவு தூரம் போகலாம்

மொத்த வகுப்பிலும் கற்றுக்கொள்ள வேண்டியது இது ஒன்றுதான் என்பேன். உங்களால் முடிந்த அளவில் முக்கால்வாசியில் நில்லுங்கள். காரணம் இருக்கிறது. தசை வேகமாக நீளும்போது, கிழிந்துவிடாமல் இருக்க அது தானாகவே இறுகும். குலுக்கிக் குலுக்கி இழுத்தால் இந்த எதிர்ப்புதான் கூடும். மெதுவாகப் போய், முக்கால்வாசியில் நின்று, நிதானமாக மூச்சு விட்டால் அந்த எதிர்ப்பு அடங்கி தசை தானாக இன்னும் கொஞ்சம் இடம் கொடுக்கும். பல்லைக் கடித்துக்கொண்டு போகிறவரைவிட, விட்டுப்பிடிக்கிறவர்தான் சில வாரங்களில் அதிகம் குனிவார். பதஞ்சலி யோக சூத்திரமும் (2.46) ஆசனம் நிலையாகவும் சுகமாகவும் இருக்க வேண்டும் என்றுதான் சொல்கிறது. எவ்வளவு வளைய வேண்டும் என்பதற்கு அங்கே அளவே கிடையாது.

அளவுகோலாக மூச்சை வைத்துக்கொள்ளுங்கள். மூச்சு தடைபட்டாலோ, நின்றாலோ, வாய் வழியாக வாங்கினாலோ எல்லை தாண்டியாகிவிட்டது, ஒரு படி பின்வாங்குங்கள். தசையின் நடுப்பகுதியில் மந்தமாக, பரவலாகத் தெரியும் இழுவை பரவாயில்லை. மூட்டில் குத்தும் வலி, சுரீரென்று பாயும் வலி, எரிச்சல், மரத்துப்போதல், காலில் மின்சாரம் போல இறங்கும் உணர்வு இதில் எதையும் பொறுத்துக்கொள்ளக் கூடாது. ஆசனத்தை உடனே கலைத்துவிட்டு ஆசிரியரை அழையுங்கள். மூட்டில் ‘டக்’ என்று சத்தம் கேட்டு வலி இல்லாவிட்டால் பயப்பட ஒன்றுமில்லை. மூட்டுக்குள் இருக்கும் திரவத்தில் வாயுக் குமிழி உண்டாவதால் வரும் சத்தம் அது.

பக்கத்து மேட்டில் எழுபது வயதுக்காரர் நெற்றியை முட்டியில் வைத்திருப்பார். பார்க்காதீர்கள் என்று சொன்னாலும் பார்க்கத்தான் போகிறீர்கள். அவருடைய தொடை எலும்பு இடுப்பில் பொருந்தியிருக்கும் விதமே உங்களுடையதிலிருந்து வேறாக இருக்கலாம். எலும்பின் அமைப்பைப் பயிற்சி மாற்றாது.

சவாசனம்

கடைசி ஐந்து முதல் பதினைந்து நிமிடம் மல்லாந்து படுப்பது. அவசரம் என்று இதற்கு முன்னால் எழுந்து போகிறவர்கள் உண்டு. நிஜமாகவே போக வேண்டியிருந்தால் ஆரம்பத்திலேயே ஆசிரியரிடம் சொல்லிவிட்டு, மற்றவர்கள் படுப்பதற்கு முன் கிளம்புங்கள். முட்டிக்கு அடியில் போல்ஸ்டரை வைத்தால் இடுப்பு முதுகு தரையில் இறங்கும். அசையாமல் இருக்கும்போது உடம்பு குளிரும், போர்வையைப் போர்த்திக்கொள்ளுங்கள். தூங்கிவிட்டால் குற்றமில்லை, குறட்டை விட்டாலும் யாரும் ஒன்றும் நினைக்க மாட்டார்கள். கண்ணை மூடிப் படுப்பது சிலருக்குப் பதற்றமாக இருக்கும். கண்ணைத் திறந்து வைத்திருக்கலாம், ஒருக்களித்துப் படுக்கலாம், உட்கார்ந்தேகூட இருக்கலாம்.

எழுந்திருக்கும்போது நேராக எழாதீர்கள். ஒரு பக்கம் திரும்பி, சில மூச்சு நேரம் கிடந்து, கையை ஊன்றி உட்காருங்கள். சட்டென்று எழுந்தால் ரத்த அழுத்தம் இறங்கித் தலை சுற்றும். ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு இது இன்னும் அதிகம்.

யாரும் சொல்லாத சில சங்கடங்கள்

வயிறு உருளும். திருகும் ஆசனத்திலும் முட்டியை மார்போடு அணைக்கும்போதும் காற்று பிரியும், முட்டியை அணைக்கும் ஆசனத்துக்குப் பெயரே பவனமுக்தாசனம், அதாவது காற்றை வெளியேற்றும் ஆசனம். ஆசிரியர் இந்தச் சத்தத்தை எத்தனையோ முறை கேட்டிருப்பார், நீங்களும் கேட்காதது போல இருந்துவிடுங்கள். இடது, வலது குழம்பும். படுத்திருக்கும்போது காரணமே தெரியாமல் கண்ணீர் வரும், அப்படி வருபவர் நீங்கள் மட்டுமாக இருக்க மாட்டீர்கள்.

தொடுவது பற்றித் தெளிவாக இருங்கள். சில ஆசிரியர்கள் தோளையோ இடுப்பையோ தொட்டுத் திருத்துவார்கள். நல்ல ஆசிரியர் முன்கூட்டியே அனுமதி கேட்பார். கேட்காவிட்டாலும் “தொடாமல் வாயால் சொல்லுங்கள்” என்று சொல்ல உங்களுக்கு முழு உரிமை உண்டு, காரணம் சொல்லத் தேவையில்லை. உங்கள் முதுகில் எடையைப் போட்டு அழுத்த யாரையும் விடாதீர்கள். மென் யோகாவில் அதற்கு இடமே இல்லை.

மறுநாளும் அடுத்த வகுப்பும்

வகுப்பு முடிந்த அன்று தூக்கம் நன்றாக வரலாம். மறுநாளோ அதற்கடுத்த நாளோ தொடையிலும் தோளிலும் லேசான வலி இருக்கலாம். பழகாத தசை வேலை செய்த வலி அது, ஓரிரு நாளில் போய்விடும். நடமாடினால் சீக்கிரம் போகும். வலி மூட்டில் இருந்தாலோ, நாளுக்கு நாள் கூடினாலோ, கை கால் மரத்துப்போனாலோ மருத்துவரைப் பாருங்கள். வகுப்பில் நெஞ்சு வலி, மயக்கம், திடீர்த் தலைவலி வந்தால் பயிற்சியை அந்த நொடியே நிறுத்திவிட்டு உதவி கேளுங்கள்.

முதல் வகுப்பை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. பாதி நேரம் எந்தக் காலை எங்கே வைப்பது என்பதிலேயே போயிருக்கும். மூன்று நான்கு முறை போனால்தான் வரிசை பிடிபட்டு, மூச்சைக் கவனிக்க இடம் கிடைக்கும். வாரத்துக்கு இரண்டு முறை முடிந்தால் நல்லது. ஒரு முறைதான் முடியும் என்றால், மார்ஜரி ஆசனத்தையும் சுவரில் கால் வைப்பதையும் மட்டும் வீட்டில் பத்து நிமிடம் செய்துவாருங்கள். எடை குறையும் என்று எதிர்பார்த்து வராதீர்கள், அதற்கு இது தோதான பயிற்சி இல்லை. தரையிலிருந்து எழுவது, திரும்பிப் பார்த்து வண்டியைப் பின்னால் எடுப்பது, குனிந்து ஷூ லேஸ் கட்டுவது ஆகியவற்றில்தான் முதலில் வித்தியாசம் தெரியும்.

நான்கு வகுப்பு போன பிறகும் ஒவ்வொரு முறையும் ஏதோ ஒரு மூட்டு வலியோடுதான் திரும்புகிறீர்கள், சொன்னாலும் மாற்று ஆசனம் கிடைப்பதில்லை என்றால், தயங்காமல் ஆசிரியரை மாற்றுங்கள்.